ஆப்பக் கதையில் விடுபட்டவர்கள்

2014 நவம்பர் 20 இரவு மகிந்த ராஜபக்சவோடு ஒரே மேசையில் ஆப்பம் சாப்பிட்ட மைத்திரிபால சிறிசேன, மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றார். இலங்கையில் இந்தக் கதை தெரியாதவர் இல்லை. அமைச்சரவையில் சுகாதார அமைச்சர், கட்சியில் பொதுச் செயலாளர். ஆப்பத்தின் ருசி நாக்கில் இருக்கும்போதே அணி மாறினார் என்று மகிந்த தரப்பு மேடைக்கு மேடை சொல்லி மாய்ந்துபோனது. ஏழு வாரங்களில், 2015 ஜனவரி 8 அன்று, அசைக்க முடியாதவர் என்று எல்லோரும் நம்பிய ஜனாதிபதி தோற்றார். சிறிசேனவுக்கு 51.28 சதவீதம், மகிந்தவுக்கு 47.58 சதவீதம்.

ருசியான கதைதான். ஆனால் ஓர் ஆட்சி மாற்றத்தை இரண்டு பேருக்கு இடையிலான துரோகமாகச் சுருக்கிவிடுகிற கதையும் கூட. சிறிசேன வந்து உட்காருவதற்கு முன்பே அந்த நாற்காலி தயாராக இருந்தது. அதைச் செய்துவைத்தவர்கள் வாக்கு வங்கி என்று ஒன்று இல்லாதவர்கள்: ஒரு பௌத்த தேரர், சில அரசியலமைப்புச் சட்டத்தரணிகள், பேராசிரியர்கள், சிங்கள எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், தொழிற்சங்கத்தார், தேர்தல் கண்காணிப்பாளர்கள். பத்து ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது, அவர்கள் சாதித்தது என்ன, சறுக்கியது எங்கே என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

சிரிப்புக்கு இடமான அறிக்கைகள்

2009 மே மாதம் போர் முடிந்த கையோடு மகிந்தவின் செல்வாக்கு உச்சிக்குப் போனது. 2010 ஜனாதிபதித் தேர்தலிலும் எதிர்க்கட்சிகள் ஒரு பொது வேட்பாளரை நிறுத்திப் பார்த்தன. போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவே அந்த வேட்பாளர். போர் வெற்றிக்கு உரிமை கொண்டாட இன்னொருவரை நிறுத்தினால் போதும் என்று கணக்குப் போட்டார்கள்; படுதோல்வி. அதே ஆண்டு செப்டம்பரில் அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் 161 வாக்குகளோடு நிறைவேறியது. இரண்டு தடவைக்கு மேல் ஒருவர் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பு போயிற்று. சுயாதீன ஆணைக்குழுக்களுக்கான நியமனங்களும் நடைமுறையில் ஜனாதிபதியின் கைக்குள் வந்தன. எதிரணியில் வென்ற உறுப்பினர்கள் சிலரும் கையுயர்த்தினார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

அப்போது எதிர்த்தவர்கள் யார்? கட்சிகள் பெரும்பாலும் சோர்ந்து கிடந்தன. ஜயந்த தனபால, சாவித்திரி குணசேகர போன்றவர்கள் இருந்த வெள்ளிக்கிழமை அரங்கம் அறிக்கை மேல் அறிக்கையாக எழுதியது. பாக்கியசோதி சரவணமுத்து நடத்திய மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்கு மேல் வழக்காகப் போட்டது. பேராசிரியர் ஜயதேவ உயன்கொட அரசின் போக்கை ஓயாமல் அலசி எழுதினார். அறிக்கை எழுதி ஆட்சியைக் கவிழ்ப்பதா என்று சிரித்தவர்கள் அன்று அநேகம். சிரித்ததில் நியாயமும் இருந்தது. நல்ல ஆங்கிலத்தில் எழுதிய அந்த அறிக்கைகளைப் படித்தவர்களும் எழுதியவர்களும் ஏறக்குறைய ஒரே வட்டம்; அவை கொழும்பு 7இன் மதில்களைத் தாண்டி மொனராகலைக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்திருந்தாலும், வெளிநாட்டுக் காசு வாங்கும் என்.ஜி.ஓ.க்காரர்களின் புலம்பல் என்று அரசாங்கம் ஒரு வரியில் ஊதித் தள்ளியிருக்கும்.

2013 ஜனவரியில் அந்த நிலை கொஞ்சம் மாறத் தொடங்கியது. 'திவிநெகும' சட்டமூலம் தொடர்பாக அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்பு வந்த பிறகு, பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவைக் குற்றப்பிரேரணை கொண்டுவந்து பதவியிலிருந்து நீக்கினார்கள். கறுப்புக் கோட்டுக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் கம்பஹா மாவட்டத்து வெலிவேரியவில் சுத்தமான குடிநீர் கேட்டு மறியல் செய்த மக்கள்மீது இராணுவம் சுட்டது. சுட்டவர்களும் செத்தவர்களும் ஒரே இனம். வடக்கில் இராணுவம் எப்படி நடந்துகொள்ளும் என்று தமிழர்கள் சொல்லிவந்ததைத் தெற்கு காதால் கேட்டிருந்தது. வெலிவேரியவில் கண்ணால் கண்டது. 2014 ஜூனில் அளுத்கமவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். செப்டம்பரில் ஊவா மாகாண சபைத் தேர்தல். அங்கே 2009இல் 72 சதவீதம் எடுத்த ஆளும் கூட்டணி 51 சதவீதத்துக்கு இறங்கியது. சுவரில் விழுந்த இந்தக் கீறலை முதலில் பார்த்தவர்களும் கட்சிக்காரர்கள் அல்லர்.

ஒரு தேரரின் இரண்டு முகங்கள்

கோட்டே நாக விகாரையின் விகாராதிபதி மாதுளுவாவே சோபித தேரரைத் தமிழர்கள் எளிதில் கொண்டாடிவிட முடியாது. 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்துக் கொழும்பில் கொதித்த கூட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் அவர். மாகாண சபைகள் வேண்டாம் என்று சொன்ன சிங்களத் தேசியவாதத்தின் கணீரென்ற குரல். அந்தப் பேச்சாற்றலுக்காகவே சிங்களக் கிராமங்கள் அவரை அறிந்திருந்தன.

கால் நூற்றாண்டு கழித்து, சமூக நீதிக்கான தேசிய இயக்கத்தின் தலைவராக அவர் திரும்பி வந்தபோது, அந்தப் பழைய முகமே புதிய முகத்துக்குக் கவசமானது. சரவணமுத்துவை 'புலி ஆதரவாளர்' என்று சொல்லிவிடலாம், சொன்னார்கள். ஒப்பந்தத்துக்கு எதிராகத் தெருவில் நின்ற தேரரை அப்படிச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்? கொழும்புச் சிந்தனையாளர்கள் இருபது ஆண்டுகளாக எழுதிக் குவித்ததை, விகாரைக்கு வரும் உபாசகருக்குப் புரிகிற சிங்களத்தில் அவர் சொன்னார். நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறை ஒழிய வேண்டும். அவ்வளவுதான்.

1978இல் ஜே.ஆர்.ஜெயவர்தன கொண்டுவந்த அந்த முறையை ஒழிப்பதாக 1994இல் சந்திரிகா சொன்னார், 2005இல் மகிந்தவும் சொன்னார். பதவிக்கு வருகிறவரைக்கும் எல்லோருக்கும் அது கசக்கும். வந்த பிறகு இனிக்கும். ஆகவே தேரரின் இயக்கம் ஒரு புதிய யோசனையை முன்வைத்தது. கட்சி சாராத ஒருவரைப் பொது வேட்பாளராக நிறுத்துவோம். அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று, அந்தப் பதவியை ஒழித்துவிட்டு வீட்டுக்குப் போவது. வேறு ஆள் கிடைக்காவிட்டால் நானே நிற்கிறேன் என்றார் தேரர். கடைசிவரை அவர் பெயர் அடிபட்டது.

இந்த ஒற்றைக் கோரிக்கையின் சாமர்த்தியத்தை லேசாக எடைபோடக்கூடாது. பொருளாதாரத்தில் ஐக்கிய தேசியக் கட்சிக்கும் ஜே.வி.பி.க்கும் ஏழாம் பொருத்தம். இனப்பிரச்சினையில் ஜாதிக ஹெல உறுமயவும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் எதிரும் புதிரும். எதைப் பேசினாலும் பிரிந்துபோகிற இவர்களை, ஒன்றை மட்டும் பேசவைத்து ஒரே பக்கம் நிற்கவைக்க முடிந்தது. சிங்கள வார இதழ் 'ராவய' அந்தக் கருத்தை வாரந்தோறும் கொண்டுபோனது. அதன் ஆசிரியராக நெடுங்காலம் இருந்த விக்டர் ஐவன் 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் பங்கெடுத்தவர். காமினி வியங்கொட போன்ற எழுத்தாளர்கள் 'புரவெசி பலய' என்ற குடிமக்கள் அமைப்பைக் கட்டி ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். தேர்தல் நெருங்கியபோது இளம் கலைஞர்கள் தெருவில் இறங்கிப் பாடி நடித்தார்கள், அடியும் வாங்கினார்கள்.

டிசம்பர் 1 அன்று கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் சிறிசேனவும் கட்சிகளும் குடிமக்கள் அமைப்புகளும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அந்த வரிசையில் பார்த்தால் வாக்கு கையில் இருந்தவர்களுக்கு யோசனை இல்லை. யோசனை கையில் இருந்தவர்களுக்கு வாக்கு இல்லை.

பேசாமல் விட்ட பேச்சு

ஒரே கோரிக்கை என்றால் மற்றதெல்லாம் வெளியே என்றுதான் பொருள். வெளியே வைக்கப்பட்டவற்றில் முதலாவது தமிழர் பிரச்சினை. சிறிசேனவின் விஞ்ஞாபனத்தில் அதிகாரப் பகிர்வைத் தேடினால் கிடைக்காது. 'இப்போது வேண்டாம், முதலில் மகிந்தவை அனுப்புவோம், பிறகு பேசலாம்.' தெற்கின் முற்போக்காளர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். கூட்டமைப்பும் ஒத்துழைத்தது, முன்கூட்டியே ஆதரவு சொன்னால் அது மகிந்தவுக்கு ஆயுதமாகிவிடும் என்று டிசம்பர் 30 வரை வாய் திறக்காமல் இருந்தது.

தமிழ் மக்கள் எந்த உத்தரவாதமும் கேட்காமல் வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் திருகோணமலையிலும் 70 சதவீதத்துக்கு மேல், மட்டக்களப்பில் 80க்கும் மேல். சிறிசேனவின் மொத்த வித்தியாசம் நாலரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வடக்கு கிழக்கு இல்லாவிட்டால் அந்த வெற்றி இல்லை என்பது எளிய கூட்டல் கழித்தல். 2005இல் புலிகள் விதித்த புறக்கணிப்பால் வடக்கு வாக்களிக்காமல் இருந்ததும், அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 1.8 லட்சம் வாக்குகளில் மகிந்த வென்றதும் இதன் மறுபக்கம்.

எல்லாத் தமிழர்களும் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், சட்ட விரிவுரையாளர் குமாரவடிவேல் குருபரன் ஆகியோரோடு இயங்கிய தமிழ் சிவில் சமூக அமையம், ஆள் மாறினால் அரசு மாறாது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது. கொழும்பின் சிவில் சமூகமும் யாழ்ப்பாணத்தின் சிவில் சமூகமும் ஒரே பெயரைச் சுமந்தாலும் ஒரே சமூகம் அல்ல. கொழும்புக்குப் பிரச்சினை ஆட்சி முறை. யாழ்ப்பாணத்துக்குப் பிரச்சினை அரசின் இயல்பே. 2015இல் இந்த இரண்டும் ஒரே வாக்குப்பெட்டிக்குள் போயின. அவ்வளவுதான் நடந்த ஒற்றுமை.

உள்ளே போனவர்கள்

முதல் நான்கு மாதங்களுக்குள் பழம் கிடைத்தது. 2015 ஏப்ரல் 28 அன்று 19ஆவது திருத்தம் 212 வாக்குகளோடு நிறைவேறியது. 225 பேர் கொண்ட சபையில் எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு. ஜனாதிபதியின் ஆறு ஆண்டுப் பதவிக்காலம் ஐந்தானது, இரண்டு தடவை என்ற வரம்பு திரும்பியது. அரசியலமைப்புப் பேரவையில் நாடாளுமன்றத்துக்கு வெளியேயிருந்து மூவர் அமர்ந்தார்கள்: சர்வோதயத்தின் ஏ.டி.ஆரியரத்ன, ராதிகா குமாரசுவாமி, சட்டத்தரணி ஷிப்லி அஸீஸ். வருடக்கணக்காகக் கேட்டுவந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது.

ஆனால் கேட்டது ஒழிப்பு, கிடைத்தது குறைப்பு. சர்வஜன வாக்கெடுப்பு தேவைப்படும் எதையும் தொடுவதில்லை என்று ஹெல உறுமய முன்பே கட்டுப் போட்டிருந்தது. பிரதமருக்குக் கூடுதல் அதிகாரம் தரும் பிரிவுகளுக்கு வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றமும் சொன்னதால் அவை கைவிடப்பட்டன. வரைவின் முக்கிய கர்த்தாக்களில் ஒருவரான ஜயம்பதி விக்ரமரத்னவுக்கு இது தெரியாததல்ல. கிடைக்கிற மட்டும் கிடைக்கட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பெரிய சறுக்கல் வேறிடத்தில். 2015 பெப்ரவரி 27 அன்று, புதிய அரசு பதவியேற்று இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், மத்திய வங்கியின் பிணைமுறி விவகாரம் வெடித்தது. ஊழலுக்கு எதிராக நாடு முழுவதும் கூட்டம் போட்டவர்களில் பலர் அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். நம்முடைய அரசாங்கம் அல்லவா, அதிகம் கத்தினால் மகிந்த திரும்பி வந்துவிடுவாரே! என் கணிப்பில், அந்த இயக்கம் தன் மூலதனத்தை இழந்தது இந்தத் தயக்கத்தில்தான். வாக்கு இல்லாதவர்களிடம் இருக்கும் ஒரே சொத்து, யாரையும் கேட்கலாம் என்ற உரிமை. கண்காணிக்க வேண்டியவர்களில் பலர் ஆணைக்குழுக்களிலும் செயலணிகளிலும் ஆலோசகர் நாற்காலிகளிலும் இருந்தார்கள். சோபித தேரர் இதில் விலக்கு. தன் கையால் ஏற்றிவைத்த அரசைக் கடிந்துகொள்ள அவர் தயங்கவில்லை. அவரும் 2015 நவம்பர் 8 அன்று சிங்கப்பூரில் காலமானார். அரச மரியாதையோடு நடந்த இறுதி நிகழ்வில், நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று சிறிசேன மறுபடியும் வாக்குறுதி கொடுத்தார்.

தமிழர்களுக்குச் சொல்லிய 'பிறகு' என்ன ஆயிற்று? நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க, மனோரி முத்தெட்டுவகம தலைமையில் முழுக்க சிவில் சமூகத்தினரையே கொண்ட ஒரு செயலணியை அரசு 2016இல் அமைத்தது. 7,306 பேரிடமும் அமைப்புகளிடமும் கருத்துப் பெற்று அவர்கள் எழுதிய அறிக்கை, இலங்கையில் பாதிக்கப்பட்டோரின் குரலைப் பதிவுசெய்த ஆவணங்களில் மிகப் பெரியது என்று துணிந்து சொல்லலாம். சிறப்பு நீதிமன்றத்தின் ஒவ்வோர் அமர்விலும் ஒரு வெளிநாட்டு நீதிபதியாவது இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 2017 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டபோது வாங்கிக்கொள்ள ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை, சந்திரிகா வாங்கிக்கொண்டார். ஏறத்தாழ ஏழு வாரம் கழித்து, பெப்ரவரி 20 அன்று, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

எழுதிய எழுத்து

இவ்வளவு சொன்ன பிறகு, 2018க்கு வர வேண்டும். இல்லையென்றால் கணக்கு நேராகாது. அந்த ஆண்டு அக்டோபர் 26 இரவு சிறிசேன, பிரதமர் ரணிலைத் தூக்கிவிட்டு மகிந்தவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். ஆம், அதே மகிந்தவை. பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார். நாலரை ஆண்டு முடியும் முன் ஜனாதிபதி தன்னிச்சையாகச் சபையைக் கலைக்க முடியாது என்று 19ஆவது திருத்தம் சொல்லியிருந்தது. கொள்ளுப்பிட்டிச் சுற்றுவட்டத்தில் மாலைதோறும் குடிமக்கள் கூடினார்கள். அவர்களில் பலர் ரணிலையும் பிடிக்காதவர்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையமும் கட்சிகளும் நீதிமன்றம் போயின, தேர்தல் ஆணைக்குழுவின் உறுப்பினராக இருந்துகொண்டே பேராசிரியர் ரத்னஜீவன் ஹூலும் போனார். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள்.

அந்தத் தீர்ப்பு சட்டப் புத்தகங்களில் எந்தப் பெயரில் இருக்கிறது தெரியுமா? இராஜவரோதயம் சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். தெற்கின் சிந்தனையாளர்கள் எழுதிய ஒரு வரி, தெற்கின் ஜனாதிபதியைக் கட்டிப்போட்டது ஒரு தமிழ்த் தலைவரின் வழக்கில். அந்த ஆட்சியில் தமிழர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பவர்களுக்கு இது ஆறுதலாக இருக்காது. அரசுகள் தோற்றாலும் அவை எழுதிவைத்த எழுத்து வேலை செய்யும் என்பதற்கு வேறு நல்ல சான்றும் எனக்குத் தெரியவில்லை.

மறுபக்கமும் படித்தவர்கள்தான்

சிந்தனையாளர்கள் என்றாலே ஜனநாயகவாதிகள் என்று ஒரு மயக்கம் நமக்கு உண்டு. கோத்தாபய ராஜபக்சவை 2019இல் அரியணைக்குக் கொண்டுவந்ததும் ஒரு சிந்தனையாளர் அமைப்புதான். 'வியத்மக'வில் வைத்தியர்கள், பேராசிரியர்கள், பொறியியலாளர்கள், வணிகத் தலைவர்கள், ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகள் என்று படித்தவர்களின் திருவிழாவே இருந்தது. விகாரைகளும் குளிர்சாதன மண்டபங்களும் ஒருசேர அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களுக்கும் ஒற்றைக் கோரிக்கை இருந்தது: அரசியல்வாதி வேண்டாம், நிர்வாகி வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு அதற்குமேல் பிரசாரம் தேவைப்படவில்லை. 52.25 சதவீதம்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் வந்து, அரசியலமைப்புப் பேரவையில் குடிமக்கள் உட்கார்ந்த மூன்று நாற்காலிகளையும் தூக்கியது. வரிகளை வெட்டினார்கள். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள். நிபுணர்களின் ஆட்சியில் விவசாய நிபுணர் யாரும் இல்லையா என்று விவசாயிகள் கேட்டார்கள். 2022 மார்ச் 31 இரவு மிரிஹானவில் தொடங்கி, ஏப்ரல் 9இலிருந்து காலிமுகத்திடலில் கூடாரம் போட்டு, ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டு ஓடும்வரை நடந்த அரகலய என்ற மக்கள் போராட்டத்துக்குத் தலைவர் என்று ஒருவர் இல்லை. சோபித தேரர் காலத்து உடன்படிக்கைகளும் இல்லை.

ஆனால் அறுவடை செய்ய ஓர் அணி இருந்தது. 2019இல் ஜே.வி.பி. இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகளைச் சேர்த்துத் தேசிய மக்கள் சக்தியைத் தொடங்கியபோது, அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் அதற்குக் கிடைத்தது 3.16 சதவீதம். பழைய பாடத்தை அவர்கள் வேறுவிதமாகப் படித்திருந்தார்கள்: யோசனையைக் கட்சிகளுக்குக் கடன் கொடுக்காமல், யோசனை சொல்கிறவர்களையே கட்சிக்குள் கொண்டுவருவது. 2012இல் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டு நாடு முழுவதும் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தப் போராட்டத்தில் நின்ற திறந்த பல்கலைக்கழக விரிவுரையாளர் ஹரிணி அமரசூரிய 2024 செப்டம்பரில் பிரதமரானார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களுக்கு 159 ஆசனங்கள். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதி அவர்களுடைய விஞ்ஞாபனத்திலும் இருந்தது.

பொது வேட்பாளர் என்ற யோசனை இதற்கிடையில் வடக்கே வந்துவிட்டிருந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் தமிழ் சிவில் அமைப்புகளும் சில கட்சிகளும் சேர்ந்து முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் பா.அரியநேத்திரனைத் தமிழ்ப் பொது வேட்பாளராக நிறுத்தின. கொழும்பு 2014இல் வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த அதே பேச்சுதான் இவர்களுடைய ஒரே கோரிக்கை. 2,26,343 வாக்குகள், யாழ் மாவட்டத்தில் இரண்டாம் இடம். எட்டு வாரம்கூட ஆகவில்லை, நாடாளுமன்றத் தேர்தலில் அதே யாழ் மாவட்டம் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தது. அடுத்த மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் சபைகள் பலவற்றில் தமிழரசுக் கட்சி முதலிடத்துக்குத் திரும்பியது. இந்த மூன்று தேர்தல்களிலும் வாக்களித்த ஒருவரைக் கொழும்பின் ஆய்வாளர்களாலோ யாழ்ப்பாணத்தின் ஆய்வாளர்களாலோ இன்னும் விளக்க முடியவில்லை. இரு தரப்பும் அவரிடம் கேட்காமலேயே எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.